திரும்பி வரும் பணமும் திரும்பாத பணமும்



யோங் பெங் என்றதும் வெளியூர்க்காரர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "பஸ் நின்று சாப்பிட்டுப் போகும் ஊர்தானே?" வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமை பெறுவதற்கு முன்னர், கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய பேருந்துகள் நம் ஊர்ச் சாலை வழியாகத்தான் போயின. உல்லாசப் பயணம் போகிறவர்கள் இங்கே இறங்கி, காப்பி குடித்துவிட்டு, மீண்டும் ஏறிப் போவார்கள். தோட்டத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் அதை நின்று பார்த்துக்கொண்டிருப்போம். மற்றவர்கள் போவதைப் பார்த்தோமே தவிர, நாம் போனது குறைவு.

இப்போது காலம் மாறியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது பிள்ளைகளை மலாக்காவுக்கோ பினாங்குக்கோ கேமரன் மலைக்கோ அழைத்துப் போக வேண்டும் என்ற ஆசை தோட்டத்து வீடுகளிலும் வந்துவிட்டது. நல்ல ஆசைதான். அந்த ஆசையோடு கூடவே கைப்பேசியில் ஒரு புதிய சொல்லும் வந்து சேர்ந்திருக்கிறது. அதுதான் 'கேஷ்பேக்'.

சென்ற மாதம் பள்ளிக்கூட வாசலில் என் மாணவி ஒருத்தியின் தாயார் என்னை நிறுத்திக் கேட்டார்: "டீச்சர், ஹோட்டலை போன்ல பதிஞ்சா கொஞ்சம் பணத்தைத் திருப்பிக் குடுக்கிறாங்களாமே, நெசமா? இல்ல, ஏமாத்து வேலையா?"

நிசமும் உண்டு, ஏமாற்றும் உண்டு. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

பணம் எங்கிருந்து வருகிறது?

இந்த உலகத்தில் யாரும் சும்மா பணம் தருவதில்லை. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "யாருடைய பணம் எனக்குத் திரும்பி வருகிறது?" என்பதுதான்.

அகோடா, புக்கிங் டாட் காம் போன்ற நிறுவனங்கள் தங்கும் விடுதிகளுக்கு வாடிக்கையாளர்களைப் பிடித்துத் தருகின்றன. அதற்காக விடுதிக்காரரிடம் அறை வாடகையில் ஒரு பங்கைத் தரகாக வாங்குகின்றன. அது பெரும்பாலும் 15 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். இந்த நிறுவனங்களுக்கு ஆள் அனுப்பிவைக்கும் வேலையைச் செய்பவைதாம் கேஷ்பேக் செயலிகள். சிங்கப்பூரில் 2014-இல் தொடங்கி, மறு ஆண்டே மலேசியாவுக்கு வந்த ஷாப்பேக் அவற்றில் ஒன்று. தனக்குக் கிடைக்கும் தரகில் ஒரு பகுதியை அது நமக்குத் தருகிறது. அவ்வளவுதான் சங்கதி. நாம் கொடுத்த வாடகையில் ஒரு துளிதான் சுற்றிக்கொண்டு நம்மிடமே வருகிறது.

மளிகைக் கடையில் சாமான் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுவார்களே, அது போலத்தான் இதுவும். ஆனால் கறிவேப்பிலைக்காக யாராவது கடைக்குப் போவார்களா?

வாங்கியவருக்கே ஒரு பங்கு திரும்பும் முறை புதியதும் அன்று. 1844-இல் இங்கிலாந்தில் ரோச்டேல் என்னும் ஊரில் நெசவாளர்கள் உள்ளிட்ட 28 பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடை தொடங்கினார்கள். ஆண்டு லாபத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அதற்கேற்ப உறுப்பினர்களுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். நம் நாட்டில், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் முன்னோர் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அங்கே கடையும் சங்கமும் உறுப்பினருடையவை. கேஷ்பேக் செயலியோ நம்முடையதன்று. இந்த வேற்றுமையை மறந்துவிடலாகாது.

நான் பட்ட பாடு

பிறருக்குப் புத்தி சொல்லும் முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பினாங்குத் தண்ணீர்மலை முருகனை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. 2024 ஆண்டிறுதி விடுமுறையில் அழைத்துப் போவதென்று முடிவு செய்தேன். அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 190 வெள்ளி. இரண்டு இரவுக்கு 380. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் ஓர் அறிவிப்பு: '500 வெள்ளிக்கு மேல் பதிவு செய்தால் 40 வெள்ளி கேஷ்பேக்.'

நான் என்ன செய்தேன், தெரியுமா? மூன்றாவது இரவையும் சேர்த்துப் பதிவு செய்தேன். மொத்தம் 570 வெள்ளி. கணக்குப் பாடம் நடத்துகிற நானே, 40 வெள்ளியைப் பிடிக்க 190 வெள்ளியைக் கூடுதலாகச் செலவழித்தேன்!

அதோடு முடியவில்லை. புறப்படும் வாரத்தில் தாயாருக்குக் காய்ச்சல் கண்டது. விடுதிக்காரர் நல்ல மனிதர். தேதியை ஒரு வாரம் தள்ளிக் கொடுத்தார். பயணம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்த 40 வெள்ளி வரவே இல்லை. விசாரித்தேன். "பதிவில் மாற்றம் செய்தால் கேஷ்பேக் கிடையாது" என்று பதில் வந்தது. விதிமுறையில் அது எழுதப்பட்டுத்தான் இருந்தது. படிக்காதது என் குற்றம்.

தாயாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "ஏம்மா, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு நான் உனக்குச் சின்ன வயசுலயே சொல்லலையா?" என்றார். பள்ளிக்கூடம் போகாத தாயாரிடம் அன்று நான் பாடம் கேட்டேன்.

கரும்பலகையில் ஒரு கணக்கு

வாருங்கள், ஒரு கணக்குப் போடுவோம். மலாக்காவில் இரண்டு இரவு தங்க வேண்டும். இணையத்தில் ஓர் அறை 200 வெள்ளி. இரண்டு இரவுக்கு 400. கேஷ்பேக் 6 விழுக்காடு, அதாவது 24 வெள்ளி. நிகரச் செலவு 376. அதே விடுதிக்கு நேரே தொலைபேசியில் பேசுகிறீர்கள். தரகு மிச்சமாவதால் அவர் 180-க்குத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இரவுக்கு 360. கேஷ்பேக் இல்லாத அறையே 16 வெள்ளி மலிவு!

எப்போதும் இப்படியே அமையும் என்று சொல்லவில்லை. சில சமயம் இணையத்தில்தான் மலிவாகக் கிடைக்கும். ஆகையால் இரண்டையும் கேட்டுப் பார்த்து, கையை விட்டுப் போகும் மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். விழுக்காட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். '10 விழுக்காடு' என்று பெரிய எழுத்தில் போட்டு, 'அதிகபட்சம் 20 வெள்ளி' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 400 வெள்ளிக்கு 40 வரும் என்று நாம் எண்ணுவோம், வருவதோ 20. வரி நீங்கலான வாடகைக்குத்தான் கேஷ்பேக் கணக்கிடுவதும் உண்டு. சேவை வரி வசூலிக்கும் விடுதிகளில் 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. 2017 முதல் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி என்று விதிக்கப்படும் சுற்றுலா வரி வெளிநாட்டவருக்கு மட்டுமே. குடிமக்களுக்கு இல்லை, சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இல்லை. நம் தோட்டங்களில் இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கும் பெரியவர்கள் உண்டல்லவா? அவர்களை அழைத்துப் போகும்போது அட்டையை மறவாமல் கொண்டுபோங்கள்.

கேஷ்பேக் தவறாமல் கிடைக்க

கணக்குப் பார்த்து, கேஷ்பேக் வழியே லாபம் என்று தெரிந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் முறையாகச் செய்யுங்கள்.

ஒவ்வொரு முறையும் முதலில் கேஷ்பேக் செயலியைத் திறந்து, அதன் வழியாகவே பதிவுத் தளத்திற்குள் செல்ல வேண்டும். அப்போதுதான் இன்னார் அனுப்பிய ஆள் இவர் என்ற குறிப்பு அங்கே பதியும். நடுவில் வேறு தளத்தைத் திறந்து பார்த்தாலோ, வேறெங்கோ கிடைத்த தள்ளுபடிக் குறியீட்டைப் போட்டாலோ, அந்தக் குறிப்பு அழிந்துவிடக்கூடும். எங்கே தங்குவது, எத்தனை நாள் என்பதையெல்லாம் முன்னரே முடிவு செய்துகொண்டு, ஒரே மூச்சில் பதிவை முடியுங்கள். முடித்ததும் திரையைப் படமெடுத்து வையுங்கள். கேஷ்பேக் பதியவில்லையென்றால் முறையிடுவதற்கு அதுவே சான்று.

மிக முக்கியமானது இது: விடுதிக் கேஷ்பேக் உடனே கைக்கு வராது. நீங்கள் போய்த் தங்கி, பயணம் முடிந்த பிறகே அது உறுதியாகும். அதற்கும் சில வாரங்கள், மாதங்கள்கூட ஆகலாம். ஆகவே அந்தப் பணத்தை நம்பிப் பயணத்திற்குப் பட்ஜெட் போடாதீர்கள். வழியில் பிள்ளை ஐஸ்கிரீம் கேட்டால் கேஷ்பேக் வந்து வாங்கித் தராது.

கடனில் விழ வேண்டாம்

கடன் அட்டைகளிலும் கேஷ்பேக் உண்டு. ஆண்டுக்கு 24,000 வெள்ளி வருமானம் இருந்தால் அட்டை கேட்கலாம் என்பதால், வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலரிடம் இன்று அது இருக்கிறது. மாதம் முடிந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறவருக்குக் கவலையில்லை. கட்டாதவருக்கு வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை போகும். 400 வெள்ளி அப்படியே நிலுவையில் நின்றால் மாதம் 6 வெள்ளி வட்டி. நாம் பெருமையாகப் பெற்ற 24 வெள்ளி நான்கே மாதத்தில் கரைந்துவிடும். ஐந்தாம் மாதம் முதல் நம் வேர்வைப் பணம் கரையும்.

2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 400 வெள்ளி என்பது அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. பயணம் போய் வந்த பிறகு அரிசிக்கும் பள்ளிச் சீருடைக்கும் கையேந்தும் நிலை வந்தால், அது உல்லாசப் பயணமா?

முன்பணம் கேட்டால் எச்சரிக்கை

கேஷ்பேக் என்ற பெயரில் மோசடியும் நடக்கிறது. "விடுதிகளுக்குப் பதிவு செய்துகொடுங்கள், தரகு தருகிறோம், முதலில் நீங்கள் இவ்வளவு கட்டுங்கள்" என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் அழைப்பு வரும். முதல் நாள் 20, 30 வெள்ளி திருப்பித் தருவார்கள். நம்பி ஆயிரங்களைக் கட்டியதும் ஆள் மறைந்துவிடுவான். உண்மையான கேஷ்பேக்கிற்கு முன்பணம் கிடையாது. யார் பேருக்கோ உள்ள தனியார் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொன்னால், காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த எண்ணைச் சரிபாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997-ஐ அழையுங்கள். நேரம் கடந்தால் பணம் கை மாறிவிடும்.

ஒரு யோசனை

அன்புத் தாய்மார்களே, பயணத்திற்குப் பணம் தருவது கேஷ்பேக் அன்று, நம் சேமிப்புதான். 800 வெள்ளியில் ஒரு சிறு பயணம் என்றால், மாதம் 80 வெள்ளியாகப் பத்து மாதம் ஒதுக்குங்கள். பயணம் முடிந்து பல நாள் கழித்து 20 வெள்ளியோ 30 வெள்ளியோ கேஷ்பேக் வந்தால் அதைச் செலவழிக்காதீர்கள். பிள்ளைகள் முன்னிலையில் அடுத்த ஆண்டின் உண்டியலில் போடுங்கள். அப்போது அந்தச் சிறு தொகைக்கும் ஒரு மதிப்பு உண்டாகும். பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் கிடைக்கும்.

தண்ணீர்மலையில் படியேறி முடித்ததும் என் தாயார் கீழே தெரிந்த ஊரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு பெரிய ஊரா!" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு 570 வெள்ளியும் தகும். ஆனால் 380 வெள்ளியிலேயே அதைக் கேட்டிருக்கலாமே என்றுதான் இன்றும் எண்ணுகிறேன்.

நீங்களும் போய் வாருங்கள். கணக்குப் பார்த்துப் போய் வாருங்கள்.