கேமிங் மானிட்டர் வாங்கப் போறீங்களா? ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி... உங்க ரூமுக்கு எது செட் ஆகும்?

"அக்கா, ஓஎல்இடி மானிட்டர் வாங்கலாமா? பிளாக் எல்லாம் செமயா இருக்குமாம்!"

அபிராமபுரத்தில் இருக்கும் என் சித்தி பையன் போன் பண்ணிக் கேட்ட கேள்வி இது. காலேஜ் முதல் வருஷம். பின்னாலிருந்து சித்தியின் குரலும் கேட்டது: "ஒரு கம்ப்யூட்டர் ஸ்கிரீனுக்கு இவ்ளோ காசா? சீட்டு எடுத்த பணம் மொத்தமும் இதுலயே போயிடும் போல!"

இரண்டு பேர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அவன் பார்த்த வீடியோக்கள் எல்லாம் 'எது பெஸ்ட் பேனல்?' என்றுதான் பேசுகின்றன. ஆனால், எல்லோருக்கும் பெஸ்ட் என்று ஒரு பேனல் கிடையாது. உங்கள் அறையில் எவ்வளவு வெளிச்சம், என்ன கேம் ஆடுகிறீர்கள், கேம் ஆடாத நேரத்தில் அந்தத் திரையில் என்ன ஓடும்... இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், பேனல் எது என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிடும்.

விரிவாகப் பார்க்கலாம் வாங்க.

முதலில், பேனல் என்றால் என்ன?

மானிட்டரின் உயிரே பேனல்தான். டிஎன், ஐபிஎஸ், விஏ ஆகிய மூன்றும் எல்சிடி குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றில் பின்பக்கம் ஒரு விளக்கு (பேக்லைட்) எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அதற்கு முன்னால் திரவப் படிகம் என்ற பொருள் இருக்கும்.

பழைய வீட்டு பாத்ரூம் ஜன்னல்களில் கண்ணாடிப் பட்டைகளைத் திருப்பி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்போமே, கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் திரவப் படிகம் செய்கிறது. மின்சாரம் கொடுத்தால் அதன் மூலக்கூறுகள் திரும்பும், அதற்கேற்ப வெளிச்சம் வெளியே வரும். அவை எந்தத் திசையில், எப்படித் திரும்புகின்றன என்பதுதான் டிஎன், ஐபிஎஸ், விஏ மூன்றுக்கும் உள்ள வித்தியாசம்.

பட்டைகளை எவ்வளவு இறுக்கி மூடினாலும் இடுக்கு வழியே கொஞ்சம் வெளிச்சம் கசியும் இல்லையா? அதனால்தான் எல்சிடி திரையில் கருப்பு முழுக் கருப்பாக வராமல் லேசான சாம்பலாகத் தெரிகிறது.

ஓஎல்இடி வேறு ரகம். அதில் பேக்லைட்டே கிடையாது. கார்த்திகை தீபத்தன்று வாசலில் வரிசையாக ஏற்றும் அகல் விளக்குகளைப் போல, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அணைந்த புள்ளியிலிருந்து வெளிச்சமே வராது, அதனால் கருப்பு அசல் கருப்பு.

டிஎன்: வேகம் உண்டு, அழகு கம்மி

1970-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்ட்டின் ஷாட், வுல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் என்ற இரு விஞ்ஞானிகள் உருவாக்கிய நுட்பம் இது. விலை குறைவு, வேகம் அதிகம். ஆனால் கொஞ்சம் பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறமே மாறிவிடும்.

இந்தக் குறையைக் கொஞ்சம் சரிசெய்ததில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சி.வி.ராமனின் சகோதரி மகனான விஞ்ஞானி எஸ்.சந்திரசேகர், பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் தன் குழுவினருடன் சேர்ந்து 1977-ல் தட்டு வடிவ மூலக்கூறுகளைக் கொண்ட புதுவகைத் திரவப் படிகத்தைக் கண்டுபிடித்தார். அந்த வகை மூலக்கூறுகளைப் பயன்படுத்தி ஜப்பானின் ஃபூஜிஃபிலிம் நிறுவனம் 1990-களில் ஒரு மெல்லிய படலத்தைத் தயாரித்தது. அதை ஒட்டிய டிஎன் திரைகளைப் பக்கவாட்டிலிருந்தும் ஓரளவு நன்றாகப் பார்க்க முடிந்தது.

இப்போது டிஎன் பெரும்பாலும் போட்டி ஆட்டக்காரர்களுக்கான மானிட்டர்களில்தான் வருகிறது. 2023-ல் வந்த ஆசஸ் நிறுவனத்தின் 540 ஹெர்ட்ஸ் மானிட்டர் டிஎன் வகைதான். நீங்கள் டோர்னமென்ட் ஆடுபவர் இல்லை என்றால், இதைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

ஐபிஎஸ்: எல்லாத்துக்கும் ஓகே!

எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. எழுத்துகள் தெளிவாகத் தெரியும். வேகமும் இப்போது நன்றாகவே முன்னேறிவிட்டது.

குறை என்றால் காண்ட்ராஸ்ட்தான். அதாவது, திரையின் வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம். சாதாரண ஐபிஎஸ் பேனலில் இது சுமார் 1000:1. 'ஐபிஎஸ் பிளாக்' என்ற பெயரில் வருபவற்றில் சுமார் 2000:1. லைட்டை அணைத்துவிட்டு பேய் கேம் ஆடினால், இருட்டுக் காட்சிகள் வெளிறித் தெரியும். திரையின் மூலைகளில் ஒரு மங்கலான பளபளப்பும் தெரியலாம்.

ஆனால் பகல் வெளிச்சத்தில் இந்தக் குறை கண்ணுக்கே தெரியாது. அறையில் வெளிச்சம் இருந்தால், அது திரையில் பட்டு எந்தப் பேனலின் கருப்பையும் கொஞ்சம் வெளுக்க வைத்துவிடும்.

விஏ: கருப்பு சூப்பர், ஆனா ஒரு இழுவை

விஏ பேனலின் காண்ட்ராஸ்ட் பொதுவாக 3000:1 அளவில் இருக்கும். ஐபிஎஸ்ஸைவிட மூன்று மடங்கு. கதையோடு போகும் கேம்கள், ராத்திரி சினிமா இரண்டுக்கும் அருமை. வளைந்த மானிட்டர்களில் பெரும்பாலானவை விஏதான். விலையும் கையைக் கடிக்காது.

பிரச்சினை, இருட்டான நிறத்திலிருந்து இன்னொரு இருட்டான நிறத்துக்கு மாறும் இடத்தில் வரும். சில விஏ பேனல்களில் இந்த மாற்றத்துக்கு 20 மில்லிசெகண்டுக்கு மேல்கூட ஆகும். இருட்டுச் சந்தில் எதிரி ஓடினால், அவருக்குப் பின்னால் மை இழுத்த மாதிரி ஒரு தடம் தெரியும். வேலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் மாதிரி சுடும் கேம் ஆடுபவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும்.

விலை உயர்ந்த விஏ பேனல்களில் இந்த இழுவை வெகுவாகக் குறைந்திருக்கிறது. பட்ஜெட் மாடல் என்றால் கடையில் ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

மினி எல்இடி: நடுவில் ஒரு வழி

இது தனிப் பேனல் வகை இல்லை. ஐபிஎஸ் அல்லது விஏ பேனலுக்குப் பின்னால், ஒரே விளக்குக்குப் பதில் நூற்றுக்கணக்கான சிறு பகுதிகளாகப் பிரித்த விளக்குகளை வைப்பார்கள். இருட்டான பகுதிக்குப் பின்னாலிருக்கும் விளக்கு மட்டும் மங்கும் அல்லது அணையும். வெளிச்சம் நன்றாக இருக்கும், திரையில் தடம் பதியும் பயமும் இல்லை.

கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் மட்டும் அதைச் சுற்றி ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். பகுதிகளின் எண்ணிக்கை கூடக் கூட அந்த வட்டம் குறையும்.

ஓஎல்இடி: ராஜாதான், ஆனா பராமரிப்பு தேவை

1987-ல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் வெளியிட்ட ஆய்வுதான் இன்றைய ஓஎல்இடிக்கு அடித்தளம். படத் தரத்திலும் வேகத்திலும் இதை அடிக்க ஆளில்லை. நிறம் மாறும் நேரம் 0.03 மில்லிசெகண்ட் என்றே விளம்பரம் செய்கிறார்கள். விலை? அதே அளவு ஐபிஎஸ் மானிட்டரைவிடப் பொதுவாக இரண்டு மூன்று மடங்கு.

இதிலும் இரண்டு வகை உண்டு. எல்ஜி டிஸ்ப்ளே தயாரிப்பது டபிள்யூஓஎல்இடி. சாம்சங் டிஸ்ப்ளே தயாரிப்பது கியூடி ஓஎல்இடி. இந்த இரண்டாவது வகையைப் பகல் வெளிச்சத்தில் வைத்தால், கருப்பு லேசான ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். அதாவது, எந்தக் கருப்புக்காகக் கூடுதல் காசு கொடுத்தோமோ, அது ஜன்னல் வெயிலில் காணாமல் போய்விடும்!

அடுத்தது 'பர்ன் இன்'. ஒரே படம் ஒரே இடத்தில் பல நூறு மணி நேரம் நின்றால், அந்தத் தடம் திரையில் நிரந்தரமாகப் பதிந்துவிடலாம். இதற்கு நல்ல உதாரணமே எங்களைப் போன்ற செய்தி சேனல்கள்தான். மூலையில் லோகோ, கீழே ஓடும் செய்திப் பட்டை இரண்டும் நகரவே நகராது. 2018-ல் கனடாவின் ஆர்டிங்ஸ் நிறுவனம் ஓஎல்இடி டிவிக்களைத் தினமும் 20 மணி நேரம் ஓடவிட்டுச் சோதித்தபோது, சிஎன்என் சேனல் ஓடிய டிவிக்களில் தடம் தெளிவாகவே பதிந்தது.

பேனல்கள் அதற்குப் பிறகு நன்றாக முன்னேறிவிட்டன. தடம் பதிந்தாலும் மாற்றித் தருவோம் என்று மூன்று வருட வாரன்டி கொடுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஆனால் தினமும் எட்டு மணி நேரம் எக்செல் ஷீட்டும் டாஸ்க்பாரும் நிற்கும் கம்ப்யூட்டருக்கு இந்த ரிஸ்க் இன்னும் முழுசாகப் போகவில்லை.

நம் வீடுகளுக்கென்றே இன்னொரு விஷயம். ஓஎல்இடி மானிட்டர், ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது தன் புள்ளிகளைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். படுக்கப்போகும் முன் அம்மா எல்லா பிளக் பாயின்ட்டையும் அணைப்பது நம் ஊர் வழக்கம். அணைத்த உடனே சுவிட்சையும் தட்டிவிட்டால் அந்தப் பராமரிப்பு நடக்காது. ஓஎல்இடி வாங்கினால் வீட்டில் இதைச் சொல்லி வைத்துவிடுங்கள்.

பெட்டியில் இருக்கும் நம்பர்களை நம்பலாமா?

144 ஹெர்ட்ஸ் என்றால் திரை ஒரு நொடிக்கு 144 முறை புதுப் படத்தைக் காட்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 6.9 மில்லிசெகண்ட். 60 ஹெர்ட்ஸில் இது 16.7, 240 ஹெர்ட்ஸில் 4.2. பேனல் நிறம் மாற 10 மில்லிசெகண்ட் எடுத்தால், மாறி முடிப்பதற்குள் அடுத்த படமே வந்துவிடும். அதனால் ஹெர்ட்ஸ் மட்டும் கூடுதலாக இருந்து பிரயோஜனமில்லை, பேனலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

பெட்டியில் '1 எம்எஸ்' என்று இருந்தால், அது ஜிடிஜியா எம்பிஆர்டியா என்று பாருங்கள். முதலாவது, புள்ளி நிறம் மாறும் நேரம். இரண்டாவது, ஒரு படம் திரையில் நிற்கும் நேரம். பல மாடல்கள் விளக்கை விட்டு விட்டு எரியவைத்துத்தான் அந்த எம்பிஆர்டி அளவை எட்டுகின்றன. அப்படி ஆடினால் திரை மங்கும்.

'டிஸ்ப்ளே எச்டிஆர் 400' முத்திரையைப் பார்த்தும் மயங்காதீர்கள். அது அந்தத் தரவரிசையின் முதல் படிதான். விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி இல்லாத மானிட்டருக்கும் அது கிடைக்கும்.

முக்கியமாக, உங்கள் கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 70 படம்தான் தரும் என்றால், 240 ஹெர்ட்ஸுக்குக் கொடுக்கும் காசு வீண். பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்கு 120 ஹெர்ட்ஸ்தான் உச்சம்.

கடையில் என்ன செக் பண்ணணும்?

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, பக்கத்து ஷோரூமுக்குப் போனாலும் சரி, இவற்றைச் செய்யுங்கள்:

* முழுக் கருப்புப் படம் ஒன்றை ஓடவிட்டு, மூலைகளைப் பாருங்கள்.
* முழு வெள்ளை, முழுச் சாம்பல் படங்களில் செத்த புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எத்தனை செத்த புள்ளி இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.
* 'டெஸ்ட் யுஎஃப்ஓ' தளத்தைத் திறந்து, நகரும் படத்துக்குப் பின்னால் இழுவை தெரிகிறதா என்று பாருங்கள்.
* ஓஎல்இடி என்றால், வாரன்டி பர்ன் இன்னுக்கும் உண்டா என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்.
* 32 இன்ச்சுக்கு மேல் வாங்குபவர்கள் பில்லில் வரியைக் கவனியுங்கள். இந்த மானிட்டர்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகிவிட்டது.

அப்போ யாருக்கு எது?

* வெளிச்சமான அறை, படிப்பும் வேலையும் கேமும் ஒரே திரையில்: ஐபிஎஸ்
* ராத்திரி ஆட்டம், சினிமா, கம்மி பட்ஜெட்: விஏ
* வெளிச்சமான அறை, எச்டிஆரும் வேணும், கொஞ்சம் கூடுதல் பட்ஜெட்: மினி எல்இடி
* வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த முடிந்த அறை, கேமுக்கும் படத்துக்கும் மட்டும்: ஓஎல்இடி
* டோர்னமென்ட் ஆட்டம் மட்டும்: அதிவேக டிஎன் அல்லது ஓஎல்இடி

சித்தி பையன் கடைசியில் என்ன வாங்கினான்?

மூன்று கேள்விகளையும் அவனிடம் கேட்டேன். ரூம் மேற்குப் பார்த்த ஜன்னல், மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக டேபிளில் விழும். ஆடுவது பெரும்பாலும் வேலரன்ட். பகலில் அதே கம்ப்யூட்டரில் சித்தப்பா கணக்கு வேலை பார்ப்பார். நாள் முழுக்க ஒரே எக்செல் ஷீட்!

பதில் அவனுக்கே புரிந்துவிட்டது. 27 இன்ச் ஐபிஎஸ், 180 ஹெர்ட்ஸ். சீட்டுப் பணத்தில் பாதிக்கு மேல் சித்தியிடமே திரும்பிப் போனது.

ஒரு வாரம் கழித்து மறுபடி போன். "அக்கா, ராத்திரி லைட் ஆஃப் பண்ணி ரெசிடென்ட் ஈவில் ஆடினா கருப்பு சாம்பலாத்தான் தெரியுது." உண்மைதான், ஐபிஎஸ்ஸில் அது இருக்கும். மானிட்டருக்குப் பின்னால், கண்ணில் படாத மாதிரி ஒரு சின்ன விளக்கு போடச் சொன்னேன். பின்னால் சுவரில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால், நம் கண்ணுக்குத் திரையின் கருப்பு இன்னும் கருப்பாகத் தெரியும்.

சித்தி பூஜை அறையில் கூடுதலாக இருந்த ஜீரோ வாட்ஸ் பல்பைக் கொடுத்திருக்கிறார். "இப்போ பரவால்லக்கா" என்கிறான்.