வரம் ஒருவருக்கு, பயன் எல்லோருக்கும்

ஹவுரா - பர்த்தமான் தடத்தில் பயணம் செய்யும் நம் சங்க அன்பர்களுக்கு ஸ்ரீராம்பூர் நிலையம் பழக்கமானது. அங்கே ஹூக்ளி நதிக்கரையில் 1818-ல் தொடங்கிய கல்லூரி இன்றும் நடக்கிறது. அந்நாளில் ஸ்ரீராம்பூர், நம் தரங்கம்பாடியைப் போலவே டென்மார்க் அரசின் கையில் இருந்தது. இரண்டையும் 1845-ல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினர்.

நான் இறையியல் படித்தவன் அல்லன். டிப்ளமோ படித்து ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் அக்கல்லூரியின் வேரில் உள்ள கருத்து எனக்கு எளிதாகப் புரிந்தது.

கொரிந்து நகரத்துச் சபையில் யாருடைய வரம் உயர்ந்தது என்ற போட்டி இருந்தது. அவர்களுக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 12-ஆம் அதிகாரம் இதற்குப் பதில் சொல்கிறது. அறிவு, போதனை, குணமாக்குதல், நிர்வாகம் என வரங்கள் பல, கொடுப்பவர் ஒருவரே. எவர் பெற்ற வரமும் எல்லோருடைய நன்மைக்காகவே. உடம்பில் பலவீனமாகத் தோன்றும் உறுப்பும் தேவையானதே என்பது அவர் வாதம். பணிமனையில் இதைத்தான் கண்டேன். ஃபிட்டர், வெல்டர், தச்சர், எலக்ட்ரீஷியன் நால்வரில் ஒருவர் வராவிட்டாலும் பெட்டி வெளியே போகாது.

ஸ்ரீராம்பூரில் கூடியவர்களும் அப்படித்தான். வில்லியம் கேரி செருப்புத் தைக்கும் தொழில் பழகியவர். ஜோஷுவா மார்ஷ்மன் பள்ளி ஆசிரியர். அவர் மனைவி ஹன்னாவும் பள்ளி நடத்தினார். வில்லியம் வார்டு அச்சுத் தொழிலாளி. வருமானம் அனைத்தும் பொதுநிதிக்கே போனது. கல்கத்தாவில் கேரி வாங்கிய பேராசிரியர் சம்பளமும் அதில் சேர்ந்தது. அச்சகத்துக்கு எழுத்து வெட்டித் தந்தவர் சபையைச் சேராத, கொல்லர் குலத்துப் பஞ்சானன் கர்மகார். காகிதம் செய்ய 1820-ல் நீராவி எந்திரமே வந்து இறங்கியது!

கல்லூரியிலும் இதே நோக்கம். கீழைநாட்டு இலக்கியமும் ஐரோப்பிய விஞ்ஞானமும் ஒரே கூரையின் கீழ், எம்மதத்தவரும் சேரலாம். ஜான் மேக் வேதியியல் கற்பித்தார். அவருடைய வேதியியல் நூல் 1834-ல் வங்காளியிலேயே வெளிவந்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் திரட்டிய நன்கொடையை இறையியல் படிப்புக்கு மட்டுமே செலவிடலாம், விஞ்ஞானத்துக்குக் கூடாது என்று நிபந்தனை வந்தது. விஞ்ஞானம் அறியாமல் ஒருவர் போதகராவது எப்படி என்று கேரி வருத்தத்தோடு கேட்டார். வேதம் படிப்பவனுக்கு வேதியியலும் வேண்டும் என்று அன்றே வாதாடினார்கள்.

இன்று நம் வீடுகளில் நிபந்தனை தலைகீழாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் கணக்கும் விஞ்ஞானமும் மட்டும் போதும் என்கிறோம்; பாட்டு, ஓவியம், சரித்திரம் நின்றுவிடுகின்றன. வெளிமாநிலத்தில் முதலில் நிற்பது தமிழ்தான். பிறகு ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தை யார் படிப்பது? சங்க விழாவில் நாடகம் எழுத யார் இருப்பார்?

பிள்ளைக்குக் கிடைத்த வரம் பெற்றோரின் சொத்து அன்று. அது வீட்டுக்கும் சங்கத்துக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சேர வேண்டியது. கணக்கில் கெட்டிக்காரப் பையன் பக்கத்து வீட்டுச் சிறுமிக்குக் கணக்குச் சொல்லித் தரட்டும். தமிழ் நன்றாகத் தெரிந்த அவள் அவனுக்குத் தமிழ் சொல்லித் தரட்டும். இதற்குக் கட்டடமும் வேண்டாம், நன்கொடையும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் போதும்.