முழங்கால் நோவுக்குச் சத்திரசிகிச்சை எப்போது?

நல்லதண்ணியில் கொழுந்துக் கூடையோடு மலை இறங்கவும், சிவனொளிபாதமலையின் 5000க்கு மேற்பட்ட படிகளில் சுமை தூக்கவும் முழங்கால் வேண்டும். காணியை இழந்து இடம்பெயர்ந்து, புதிய நிலத்தைக் கொத்திப் பண்படுத்தும் நம் குடும்பங்களுக்கும் அப்படித்தான். கால் முடங்கினால் அன்றைய சம்பளமும் இல்லை. அதனால் முழங்கால் நோவைப் பற்றி நாம் சரியாக அறிந்திருப்பது அவசியம்.

தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு சவ்வுகள் மெத்தைபோல் உள்ளன. எலும்புகளைப் பிணைக்க உறுதியான நார்களும் உண்டு. சுமையோடு சறுக்கும்போது, பாதம் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பினால் இவை கிழியலாம்.

இதைக் கண்டறிவது எப்படி? வைத்தியர் விழுந்த விதத்தைக் கேட்டு, காலை மடக்கி நீட்டிப் பார்ப்பதே முதற் பரிசோதனை. விழுந்தபின் நாலடி நடக்க முடியாதவருக்கும், காலை 90 பாகை மடக்க முடியாதவருக்கும் எக்ஸ்ரே தேவை. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியும். சவ்வும் நாரும் தெரியா. அவற்றைக் காட்டுவது காந்த சக்தியால் இயங்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

துளைச் சத்திரசிகிச்சையில் முழங்காலில் இரண்டு மூன்று சிறு துளையிட்டு, பென்சில் அளவான கமராவை உள்ளே செலுத்தி, திரையில் பார்த்தபடி கிழிந்த சவ்வை வெட்டுவார்கள் அல்லது தைப்பார்கள். ஜப்பானில் வைத்தியர் தக்காகி 1918இல் இறந்தவரின் முழங்காலினுள் கருவி செலுத்திப் பார்த்தார். 1962இல் வத்தனாபே இம்முறையில் சவ்வின் கிழிந்த பகுதியை அகற்றினார்.

ஆனால் எல்லா நோவுக்கும் இது மருந்தல்ல. வயதோடு தேய்ந்து கிழிந்த சவ்வுள்ள 146 பேரைப் பின்லாந்து வைத்தியர்கள் ஆராய்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பகுதியினருக்குச் சவ்வை வெட்டினர். மற்றவர்களுக்கு வெட்டுவதுபோல் பாவனை மட்டும் செய்தனர். ஒரு வருடத்தின் பின் இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சுகமே கிடைத்திருந்தது. நோவே இல்லாத முதியவர்களின் ஸ்கேனிலும் கிழிசல் தெரிவதுண்டு. ஆகவே ஸ்கேனில் கிழிசல் என்றதும் நகையை அடகு வைத்துச் சத்திரசிகிச்சைக்கு ஓட வேண்டாம். தேய்ந்த முழங்காலுக்குத் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், சுமையையும் உடல் எடையையும் குறைப்பதுமே முதல் வைத்தியம்.

மாறாக, அடிபட்டபின் கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாவிட்டாலும், நடக்கையில் முழங்கால் அடிக்கடி நழுவினாலும் தாமதிக்கக் கூடாது. வீங்கிய காலை எண்ணெய் பூசி முரட்டுத்தனமாக உருவவும் வேண்டாம். வீக்கத்தோடு சூடும் காய்ச்சலும் இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். மஸ்கெலியாவிலோ டிக்கோயாவிலோ காட்டி, தேவையானால் நிபுணரிடம் செல்லக் கடிதம் பெறலாம். “இந்தச் சத்திரசிகிச்சையால் எனக்கு என்ன நன்மை? செய்யாவிட்டால் என்ன ஆகும்?” என்று தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல, நமது உரிமை.