மணலில் எழுதும் தீர்ப்பு!

முட்டத்துக் கடற்கரையை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது திரைப்படம். 1981-இல் பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' படத்தை அங்கே எடுத்தார். பாறை தெரிந்தது, பாறையிலே மோதி நுரைக்கும் அலை தெரிந்தது, ஆலயம் தெரிந்தது. அடடா, எத்தனை அழகு என்று தமிழகம் வியந்தது. படம் பிடித்த கருவிக்கு அத்தனையும் தெரிந்தன. ஆனால், அலைக்கு இப்பால், செம்மண் மேட்டுக்கு அப்பால், பொழுது மங்கும்வரை பந்தை உதைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் தெரியவில்லை! கடற்கரை என்றால் காற்று வாங்க, கடலை கொறிக்க, காதல் பேச என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். அங்கே வாழ்கிறவனுக்கும் ஓய்வு உண்டு, ஆட்டம் உண்டு, அந்த ஆட்டத்திலே ஆசை உண்டு, அந்த ஆசையிலே எதிர்காலமே உண்டு என்பதை எண்ணிப் பார்க்க நமக்கு நேரம் ஏது?

ஜூலைத் திங்களின் கடைசி வாரம் ஒன்றில் நாம் முட்டம் சென்றிருந்தோம். மேற்குக் கரையிலே விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. படகு ஓய்ந்திருக்கும், வருவாய் ஓய்ந்திருக்கும். கால்பந்து மட்டும் ஓயாது! அன்று மாலை ஒரு நட்புப் போட்டி. கோப்பை இல்லை, பரிசு இல்லை. வரப்போகும் பந்தயங்களுக்கு முன்னே, யாரை எந்த இடத்திலே நிறுத்தலாம் என்று பார்ப்பதற்காகப் பக்கத்து ஊர் அணியோடு ஆடிய வெள்ளோட்டம். வெள்ளோட்டந்தானே என்று யாரும் வீட்டில் இருந்துவிடவில்லை. திடலைச் சுற்றிலும் தலைகள். மீன் விற்றுத் திரும்பிய தாய்மார்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறார்கள். நரைத்த தலையர்கள் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மீது அமர்ந்திருக்கிறார்கள். ஆட்டக்காரர் இருபத்திரண்டு பேர். நடுவரோ அறுநூறு பேர்!

அத்தனை பேரின் பார்வையும் ஒரே ஓர் இளைஞன்மீது. பெயர் வேண்டாம்; இந்த ஏட்டிலே பெயர் வருவதற்கு அவனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. வயது பத்தொன்பது. தகப்பனார் கடலுக்குப் போகிறவர். இதுவரை ஓரத்திலே ஓடி ஆடியவனை அன்றுதான் முதன்முறையாக நடுக்களத்திலே நிறுத்தியிருந்தார்கள். நடுக்களம் என்றால் ஆட்டத்தின் மூளை. பந்தை வாங்கி, யார் எங்கே நிற்கிறான், யாருக்கு எப்போது கொடுப்பது என்று நொடியிலே முடிவு செய்யும் பொறுப்பு.

என்ன நடந்தது? பன்னிரண்டாவது நிமிடம். பின்னால் நின்ற தோழனுக்கு மெதுவாக ஒரு பந்தைத் தட்டினான், மழை ஊறிய மண்ணிலே பந்து நின்றுவிட்டது, எதிரணிக்காரன் பாய்ந்தான், கோல்! அதன் பிறகு இருமுறை பந்தைத் தவறிக் கொடுத்தான். கூட்டம் கூவியது. இடைவேளைக்குப் பிறகு அதே இளைஞன் தலையை உயர்த்தினான். இருவரின் தலைக்கு மேலாக இடப்புறத்துக்கு நீண்டதொரு பந்தை அனுப்பினான். ஓடிவந்தவன் வாங்கிக் கோல் அடித்தான். முடிவில் முட்டம் தோற்றது, ஒன்றுக்கு இரண்டு.

ஆட்டம் முடிந்தது, ஆராய்ச்சி தொடங்கியது! தேநீர்க் கடையிலே நாமும் ஓர் ஓரமாக நின்றோம்.

"அவனுக்க காலு நல்ல காலுதாம்லே. தலைய தூக்கிப் பாக்க மாட்டேங்கான்" என்றான் ஒருவன்.

"மொத நாளுதான மக்கா? கொஞ்சம் பொறு" என்றான் இன்னொருவன்.

"மொத நாளுண்ணா? அந்த பேக் பாஸ் எதுக்குலே? மழ பெஞ்ச தரையில எவனாவது அப்பிடி தட்டுவானா?"

கேட்கக் கேட்க இனிமையாக இருந்தது. கடுமை இருந்தது, அந்தக் கடுமையிலே அறிவு இருந்தது. மண்ணின் ஈரத்தை அறிந்தவன் பேச்சு அது. இப்படிப்பட்ட ரசிகனிடம் திட்டு வாங்குவதே ஓர் ஆட்டக்காரனுக்குப் பாடம்.

அப்போதுதான் வந்து விழுந்தது வேறொரு குரல். காரிலே வந்தவர், மடிப்புக் கலையாத சட்டைக்காரர், நம்மைத் தம்மைப் போன்றவரென எண்ணிக்கொண்டு கனிவோடு சொன்னார்: "கடற்கரைப் பையன்களை ஓரத்திலே ஓடவிட வேண்டும் சார்! உடம்பு உண்டு, வேகம் உண்டு. நடுவிலே நின்று ஆட்டத்தை நடத்த மூளை வேண்டாமா?"

கேட்டீர்களா, தோழர்களே! முன்னவர்கள் பேசியது ஆட்டத்தைப் பற்றி. இவர் பேசியதோ பிறப்பைப் பற்றி! ஒரு பந்து தவறியது ஓர் இளைஞனின் காலிலே. குற்றப் பத்திரிகையோ ஒரு கரை முழுவதற்கும்!

இது புதிய குரலா? பழகிய குரல்! 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி உரிமைக்கான ஆணையைப் பிறப்பித்தபோது, "தகுதி போயிற்று, திறமை போயிற்று" என்று ஒப்பாரி வைத்த குரல். அந்த உரிமை நீதிமன்றத்திலே வீழ்த்தப்பட்டுத் தமிழகம் கொதித்தெழுந்து, 1951-இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தபோதும் முணுமுணுத்த குரல். உழைக்க உடம்பு அவனுக்கு, ஆள மூளை எமக்கு என்று பாகம் பிரித்துக்கொண்ட குரல் திடலுக்குள்ளேயும் வந்துவிட்டது, அவ்வளவே!

இந்த நாட்டில் மட்டுமா இந்தக் குரல்? அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கேயும் 'ஃபுட்பால்' என்றொரு ஆட்டம் உண்டு. பெயரிலே கால், ஆட்டத்திலே பெரும்பாலும் கை! அதிலே 'குவார்ட்டர்பேக்' என்பவன்தான் தலைமை ஆட்டக்காரன். பந்தை வாங்கி, களத்தை அளந்து, யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவன். கறுப்பின இளைஞர்கள் அந்த இடத்துக்கு வந்தபோது, "உங்களுக்கு ஓட வரும், சிந்திக்க வராது" என்று பல ஆண்டுக் காலம் ஓட்டக்காரர் வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். நமது சட்டைக்காரரின் மொழி அல்லவா அது?

1988 ஜனவரி 31. வாஷிங்டன் அணிக்கு டக் வில்லியம்ஸ் எனும் கறுப்பர் தலைமை ஆட்டக்காரர். நாட்டின் பெரும்போட்டியான சூப்பர் பௌலின் இறுதி ஆட்டத்தில் அந்த இடத்திலே நின்று ஆட்டத்தைத் தொடங்கிய முதல் கறுப்பர் அவர்தான். முதல் கால் பகுதி முடிவிலே டென்வர் அணி 10, வாஷிங்டன் 0. போதாக்குறைக்கு முழங்கால் பிசகி விழுந்தார் வில்லியம்ஸ். அந்தக் கணத்திலே தீர்ப்பு எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? "சொன்னோமே!" என்றுதான்! எழுந்து வந்தார். இரண்டாவது கால் பகுதியில் மட்டும் அவர் எறிந்த பந்துகள் நான்கு முறை எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளிகளாயின. முடிவு 42-க்கு 10. வென்றது வாஷிங்டன், அன்றைய சிறந்த ஆட்டக்காரர் பட்டம் வில்லியம்ஸுக்கு. மூளை எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்குப் புள்ளிப் பலகை பதில் சொன்னது.

வெள்ளோட்டத்திலே சறுக்கியவர்கள் வீணாய்ப் போனார்களா என்றும் பார்ப்போம். சோவியத் நாட்டின் லெவ் யாஷின், மாஸ்கோ டைனமோ அணிக்காகத் தொடக்கக் காலத்திலே ஆடிய நட்புப் போட்டி ஒன்றிலே, எதிரணியின் கோல் காவலன் அங்கிருந்து உதைத்த பந்தைக் கோட்டைவிட்டார். காவலன் அடித்து காவலன் வாங்கிய கோல்! சிரிக்காமல் இருந்திருப்பார்களா? அந்த யாஷினுக்குத்தான் 1963-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற கோல் காவலர் இன்றுவரை அவர் ஒருவரே.

வீழ்ச்சி மட்டுமல்ல, வெற்றியும் வெள்ளோட்டத்திலே முழுக்கதையைச் சொல்லாது. 1888-இல் தொடங்கிய டூரண்ட் கோப்பையை, அண்மை ஆண்டுகளில் பெரிய அணிகள் பருவத்துக்கு முன்னோட்டமாகவும் ஆடி வந்திருக்கின்றன. 2023 ஆகஸ்டு 12 அன்று கொல்கத்தாவிலே, சென்னையின் நந்தகுமார் சேகர் அடித்த ஒரே கோலால் ஈஸ்ட் பெங்கால் அணி மோகன் பகானை வென்றது. அதற்கு முன்பு நாலரை ஆண்டுகளாகக் கிட்டாத வெற்றி! நம் பிள்ளையின் காலால் வங்கம் மகிழ்ந்தது, நமக்குப் பெருமை. ஆனால், அதே கோப்பையின் இறுதி ஆட்டத்திலே, செப்டம்பர் 3 அன்று, அதே மோகன் பகானிடம் ஈஸ்ட் பெங்கால் தோற்றது. ஒரு நாள் தூக்கிவைத்தது, மறு நாள் இறக்கிவிட்டது. ஒரு நாளின் கையிலே ஓர் ஆட்டக்காரனின் வாழ்வை ஒப்படைக்கலாமா?

"கடற்கரைப் பையன்" என்றாரே, அவருக்கு நாம் வெகுதொலைவு வழி காட்டத் தேவையில்லை. முட்டத்திலிருந்து மேற்கே செல்லட்டும், குளச்சலைக் கடக்கட்டும், தேங்காய்ப்பட்டணத்தைக் கடக்கட்டும். தூத்தூருக்கு அருகே இரவிபுத்தன்துறை. அங்கே பிறந்தவர்தான் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி அணியிலே ஆடினார், ஜாம்ஷெட்பூர் அழைத்தது, கொல்கத்தா ஏ.டி.கே. அழைத்தது, 2019-இல் இந்திய அணியின் சட்டையை அணிந்தார், 2019-20 பருவத்திலே ஏ.டி.கே. வாகை சூடியபோது அந்த அணியிலே இருந்தார். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம், 2020 நவம்பர் 20. தொடங்கிய சிறிது நேரத்திலேயே முழங்காலில் காயம்பட்டு வெளியேறினார். அந்தச் சில நிமிடங்களை மட்டும் பார்த்தவன் அவரை எப்படி எடைபோடுவான்? அதற்கு முன்னே மணலிலே ஓடிய ஆண்டுகளை எந்தத் தராசிலே வைப்பான்?

இதைத்தான் கல்வியிலும் கேட்டோம். பன்னிரண்டு ஆண்டு படித்த படிப்பைச் சில மணி நேரத் தேர்விலே அளப்பது நீதியா என்று கேட்டுத்தான், கழக ஆட்சி 2006-இல் நுழைவுத் தேர்வை நீக்கச் சட்டம் இயற்றியது. 2007-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. 2017 முதல் 'நீட்' என்ற பெயரிலே பழைய தராசு மருத்துவக் கல்லூரி வாசலிலே மீண்டும் வந்து நின்றது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவன் ஒரு தட்டிலே, முடியாதவன் மறு தட்டிலே. பெயர் மட்டும் 'தகுதி'! கால்பந்திலும் அதே கதை. புல்தரையிலே, பயிற்சியாளரின் கண்பார்வையிலே, சத்துணவும் மருத்துவரும் சூழ வளர்ந்தவனையும், பாதி மணல் பாதி சேறான திடலிலே, விடியலில் வலை இழுத்த கையோடு வந்து ஆடுகிறவனையும் ஒரே மாலையில் நிறுத்தி, "யார் மேல்?" என்று கேட்பது போட்டியாகலாம், நீதி ஆகுமா?

அப்படியானால் குறை சொல்லவே கூடாதா? சொல்ல வேண்டும்! எப்படிச் சொல்வது என்பதை, அந்தத் தேநீர்க் கடையிலே பேசாமல் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் கற்றோம். "பாட்டா, நீங்க என்ன சொல்லுதீங்க?" என்று இளைஞர்கள் கேட்டார்கள். அவர் நிதானமாகச் சொன்னார்:

"மொத பாதியில அவன் பந்தப் பாத்தான் மக்கா. ரெண்டாம் பாதியில பந்து வாறதுக்கு முன்னயே ரெண்டு பக்கமும் பாத்தான். கணியம் பாக்கத் தெரிஞ்சவன் பாரத் தொலைக்க மாட்டான்."

கணியம் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம். நடுக்கடலிலே நிற்கும் மீனவன், கரையிலே தெரியும் மலைமுகட்டையும் ஆலயக் கோபுரத்தையும் கண்ணாலே கோடு பிடித்து, கடலுக்கடியிலே மீன் கூடும் பாறைத்திட்டு எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறான். அந்தப் பாறைத்திட்டு பார். அந்தக் கணக்கு கணியம். வரைபடமில்லாமல், கருவியில்லாமல், தலைமுறை தலைமுறையாகக் கற்ற கணக்கு! அந்தக் கணக்கை அறிந்தவனின் பேரப்பிள்ளைக்கு நடுக்களத்திலே நிற்க மூளை இல்லையாம்! சொன்னவர் காரிலேறிப் போய்விட்டார். கேட்டிருந்தால் அவருக்கும் கொஞ்சம் மூளை வளர்ந்திருக்கும்.

பாட்டா தவறுகளை மறைக்கவில்லை. முதல் பாதியின் பிழையைச் சொன்னார், இரண்டாம் பாதியின் திருத்தத்தையும் சொன்னார். விழுந்தவன் விழுந்த பிறகு என்ன செய்தான் என்று பார்த்தார். வெள்ளோட்டத்திலே பார்க்க வேண்டியது அது ஒன்றுதான். புதிய வள்ளத்தைக் கடலிலே இறக்கியவுடன் ஒரு துளி நீர் கசிந்தால் வள்ளத்தையா எரிப்பார்கள்? கசிந்த இடத்தை அடைப்பார்கள்!

ஆகவே மூவருக்கு மூன்று சொல் சொல்கிறோம்.

ஆட்சியிலும் விளையாட்டுக் கழகங்களிலும் இருப்போருக்கு: நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரையிலான கரையிலே, ஊர்தோறும் இல்லாவிட்டாலும் சில ஊருக்கு ஒன்றாவது, சமமான புல்திடல், பயிற்சி பெற்ற பயிற்சியாளர், முழங்கால் முறிந்தால் பார்க்க மருத்துவர் வேண்டும். தேர்வுக் குழு மாநகரத்திலே நாற்காலி போட்டு அமர்ந்து, "வா" என்று அழைத்தால் போதாது. கரைக்கு வரட்டும், ஒரு மாலை அல்ல, ஒரு பருவம் பார்க்கட்டும்.

ரசிகத் தோழர்களுக்கு: திட்டுங்கள், உரிமை உண்டு. பந்தைப் பற்றித் திட்டுங்கள், பிறப்பைப் பற்றி எவனாவது பேசினால் அங்கேயே மறுத்துப் பேசுங்கள். நாமும் அந்தச் சட்டைக்காரருக்கு உடனே பதில் சொல்லாமல் நின்றுவிட்டோம். அந்த வெட்கத்திலேதான் இதை எழுதுகிறோம்.

இளைஞனுக்கு: தம்பி, ஈரத் தரையிலே பந்தை மெதுவாகத் தட்டாதே! அவர்கள் சொன்னது சரிதான். தலையை உயர்த்திப் பார். அதையும் சரியாகத்தான் சொன்னார்கள். மற்றதைக் காதிலே வாங்காதே.

மறுநாள் காலை கலங்கரை விளக்குப் பக்கம் சென்றோம். கீழே மணலிலே அவன் தனியே நின்று, தூரத்தில் நட்ட ஒரு கம்பை நோக்கிப் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். உதைக்கும் முன்னே ஒவ்வொரு முறையும் தலை உயர்ந்தது. முந்திய நாள் தீர்ப்பு எழுதியவர்கள் மணலிலே எழுதினார்கள். அலை வந்து அழித்துவிட்டது. அவன் எழுதிக்கொண்டிருப்பதை அழிக்க எந்த அலையாலும் ஆகாது!