கைக்குப் பயிற்சி, தோளுக்குத் தண்டனை
நாற்பதைக் கடந்தவர்களின் திடீர் உடற்பயிற்சி ஆர்வம் தோள்மூட்டைப் பதம் பார்க்கிறது. தப்பிக்க வழி உண்டு.

தெற்கு தில்லியின் கிட்வாய் நகர், மத்திய அரசு ஊழியர்களின் பேட்டை. கிழக்குப் பகுதியில் பழைய குவார்ட்டர்ஸ்கள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. மாறாதது உத்தியோகம்தான். அன்று கோப்பு, இன்று கம்ப்யூட்டர். எதிரே கூன் போட்டு எட்டு மணி நேரம். தோள்கள் முன்னால் வளைந்து இறுகிப்போன பிறகு, டாக்டர் மிரட்டியதும் உடற்பயிற்சி ஞாபகம் வருகிறது. தொளதொளத்த மேல்கைதான் முதலில் கண்ணை உறுத்தும். உடனே பூங்கா பெஞ்சில் கைகளைப் பின்பக்கம் ஊன்றி, உடலை இறக்கி ஏற்றும் 'பெஞ்ச் டிப்ஸ்'. காசு செலவில்லை. கோளாறு தொடங்குவதும் இங்கேதான்.

மேல்கைச் சதையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின்புறமுள்ள முத்தலைத் தசை. ஜிம் பாஷையில் ட்ரைசெப்ஸ். (முன்கைப் பக்கத்து பைசெப்ஸை முறுக்கிக் காட்டும் இளைஞர்கள் கவனிக்க.) அதன் மூன்று தலைகளில் இரண்டு மேல்கை எலும்பிலேயே தொடங்குகின்றன. நீளமான மூன்றாவது, தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பித் தோள்மூட்டைக் கடந்து வருகிறது. முழங்கைக்கான பயிற்சியில் தோளும் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

உடலிலேயே அதிகம் சுழலும் மூட்டு தோள். ஆனால் அதன் குழி ஆழமற்றது. சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி எலும்பின் தலை அதில் உட்கார்ந்திருக்கிறது. நழுவாமல் பிடித்துக்கொள்பவை சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளும் நார்களும். பெஞ்ச் டிப்ஸில் கை பின்னால் போகக்கூடிய எல்லைவரை போகிறது; அந்த நிலையில் உடல் பாரம் தோளின் முன்பக்கத்தை நெருக்குகிறது. இருபது வயது மூட்டு பொறுத்துக்கொள்ளும். ஐம்பது வயது மூட்டு முணுமுணுக்கும்.

சர்க்கரை வியாதி இருந்தால் சிக்கல் அதிகம். தோள் இறுகி அசைய மறுக்கும் 'ஃப்ரோஸன் ஷோல்டர்' நீரிழிவுக்காரர்களை மற்றவர்களைவிடப் பல மடங்கு தாக்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் கணக்கிட்டது. சட்டைக்குள் கை நுழைக்கவே சிரமப்படுபவர் போக வேண்டிய இடம் பூங்கா பெஞ்ச் அல்ல. கிட்வாய் நகர்வாசிகளுக்கு எய்ம்ஸ் ரிங் ரோட்டின் அந்தப் பக்கம்தான்.

அதற்காக ட்ரைசெப்ஸைக் கைவிட வேண்டியதில்லை. 2022-ல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில் 21 பேர் 12 வாரம் பயிற்சி செய்தார்கள்: ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, மறு கையை உடலோடு ஒட்டி. உயர்த்திய கையில் தசை சுமார் 20 சதவீதம் வளர்ந்தது, மற்றதில் 14. அதற்காக எல்லோரும் தலைக்கு மேல் டம்பெல் தூக்கக் கிளம்பிவிடக் கூடாது. முதுகை வளைக்காமல் கையைக் காதோரம் நேராக உயர்த்த முடிகிறதா? முடிந்தால் சரி. முடியாதவர்கள் முழங்கையை விலாவோடு ஒட்டி, மேலே கட்டிய ரப்பர் பட்டையைக் கீழே இழுக்கலாம். 14 சதவீதமும் நல்ல வரவுதான்.

குரு ஹனுமான் (1901-1999) நடத்திய தில்லி அகாடாவில் மல்லர்கள் தண்டாலில்தான் கை வளர்த்தார்கள். ஆனால் சிறு வயதிலேயே தொடங்கியவர்கள். செக்‌ஷன் ஆபீசர் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதில் ஆரம்பித்து, பிறகு மேஜை, அப்புறம் தரை என்று இறங்கி வருவது உத்தமம். தள்ளும் பயிற்சி எவ்வளவோ அவ்வளவு இழுக்கும் பயிற்சியும் வேண்டும். கூன் விழுந்த தோளைப் பின்னுக்குக் கொண்டுவருவது அதுதான். டிசம்பர் குளிரில் எடையைத் தொடுமுன் ஐந்து நிமிடமாவது கைகளைச் சுழற்றிச் சூடேற்றுங்கள்.

பயிற்சிக்கு மறுநாள் மேல்கைச் சதை வலித்தால் பயமில்லை, ஓரிரு நாளில் போய்விடும். வலி தோளின் முன்புறத்தில் குத்தினாலோ, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் தூக்கத்தைக் கெடுத்தாலோ எடையைக் கீழே வைத்துவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள்.