எந்தப் பத்தாண்டுப் பாட்டு உசத்தி? முத்துப்பேட்டையிலிருந்து சில 'தெரியுமா?'க்கள்!

முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு டீ சொல்லிவிட்டு, "அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?" என்று ஒரு வார்த்தையை மட்டும் போட்டுப் பாருங்கள். டீ ஆறிவிடும், பேச்சு ஆறாது. "அறுபதோட பாட்டு முடிஞ்சு போச்சு தம்பி" என்பார் ஒரு பெரியவர். "எண்பதை எங்க விட்டீங்க காக்கா? ராஜா பாட்டு இல்லாம உங்க வீட்டுக் கல்யாணத்துல ரேடியோ செட்டே ஓடலையே!" என்று மடக்குவார் பக்கத்து பெஞ்சுக்காரர். 'ரோஜா' வந்த வருஷத்தில் பிறந்தவர் ஒருவர் அங்கே இருந்துவிட்டால் மூன்றாவது கட்சி உதயம். காதில் ஹெட்செட் மாட்டிய கல்லூரிப் பையன் நான்காவது கட்சி. அவனுக்கு மற்ற மூன்று பேர் பேசுவதும் கேட்காது.

சண்டை நடக்கட்டும். அதற்கு முன், சண்டை போடுகிறவர்கள் யாரும் எடுத்துச் சொல்லாத சில சங்கதிகளைக் கேளுங்கள். பாதிக்கு மேல் நம்ம டெல்டா சரக்கு!

முதலில், இப்படி மேடை போட்டு வாதாடும் வழக்கமே காவிரிக் கரையில் எழுதிவைக்கப்பட்டது என்பது தெரியுமா? 'மணிமேகலை'யைப் புரட்டுங்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன், வாதம் செய்ய வல்லவர்களைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்லி ஊருக்கெல்லாம் அறிவிக்கிறான். அன்றைக்குச் சமயவாதிகள் ஏறினார்கள். இன்றைக்கு அதே மேடையில் 'பழைய பாடல்களா, புதிய பாடல்களா' என்று தலைப்புப் போட்டு, தீபாவளிக்குத் தீபாவளி டி.வி.யில் ஓட்டுகிறோம். தீர்ப்பு என்ன வரும் என்று தெரிந்தும் கடைசிவரை உட்கார்ந்து பார்க்கிறோம் பாருங்கள், அதுதான் ஆச்சரியம்.

பத்தாண்டுக் கணக்கிலேயே பேசுவதென்றால் ஒரு குறும்புக் கேள்வி. 1760களை எந்தப் பத்தாண்டு ஜெயிக்கும்? சியாமா சாஸ்திரி பிறந்தது 1762, தியாகராஜர் பிறந்தது 1767. முத்துசுவாமி தீட்சிதர் மட்டும் கொஞ்சம் தாமதித்து 1775-ல் வந்தார். மூவரும் பிறந்த ஊர் ஒன்றே: திருவாரூர். நம்ம மாவட்டத் தலைநகர்! சரி, அது சங்கீதம், நாம் பேசுவது சினிமாப் பாட்டு என்று நீங்கள் ஆட்சேபிப்பதற்குள் சினிமாவுக்கு வந்துவிடுகிறேன்.

தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபரில் வந்தது. அதில் சுமார் 50 பாட்டுகள்! பேசியதைவிடப் பாடியது அதிகம். நாயகி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். கதையில் அரசகுமாரி, நடுவில் காந்தியின் ராட்டையைப் புகழ்ந்து ஒரு பாட்டும் உண்டு. கதைக்கும் ராட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை, கைதட்டினார்கள். அந்த நாயகி டி.பி. ராஜலட்சுமி எந்த ஊர் தெரியுமா? திருவையாறு! தியாகராஜர் சமாதி இருக்கும் அதே ஊர். ஐந்தே வருஷத்தில் 'மிஸ் கமலா'வை இயக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநரும் ஆகிவிட்டார்.

அடுத்து நாற்பதுகள். மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது எல்லோரும் சொல்வது. சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. படம் வெளியான சில மாதங்களுக்குள்ளேயே, பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். விடுதலையானது 1947-ல்! அதாவது, ஊரெல்லாம் அவர் குரலைக் கேட்டு உருகிக்கொண்டிருந்த அந்த மூன்று தீபாவளிகளில் இரண்டுக்கு மனிதர் சிறைக்குள் இருந்தார். பாடல்களை எழுதியவர் யார் என்கிறீர்கள்? பாபநாசம் சிவன். அவர் பிறந்த போலகமும் நாகப்பட்டினம் பக்கம்தான்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் 'பொற்காலம்' என்று பெரியவர்கள் சத்தியம் செய்யும் ஐம்பதுகளில், அந்தப் பாட்டுகளை இந்திய அரசு வானொலி வாசலோடு நிறுத்திவைத்திருந்தது தெரியுமா?

1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தவர் பி.வி. கேஸ்கர். சினிமாப் பாட்டு மலிவு, ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அவர் பிடித்த பிடியில் ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட காணாமலே போனது. அதற்கும் முன்பே, 1940-ல், பாவம் ஆர்மோனியப் பெட்டியை வானொலியில் வாசிக்கக் கூடாது என்று விரட்டியிருந்தார்கள்; அந்தத் தடை தளர 1971 ஆனது! டெல்டாவுக்குப் படியளந்த திருச்சி வானொலி 1939-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் சினிமாப் பாட்டுக்காக அதைத் திருகி என்ன பயன்?

முள்ளைத் தெற்கே திருப்பினால் போதும். இலங்கை வானொலி!

அதன் பின்னால் ஒரு போர்க் கதையே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியப் படைகளுக்காக நேச நாடுகள் கொழும்புக்கு அருகே ஏக்கலையில் பெரியதொரு ஒலிபரப்பு நிலையம் அமைத்திருந்தன. போர் முடிந்ததும் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. சிப்பாய்களுக்காகக் கட்டிய கருவி, டெல்லி ஒதுக்கிய பாட்டுகளை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பியது. இன்னொரு விந்தை: மத்திய அலை ஒலிபரப்பு காய்ந்த தரையைவிட உப்புத் தண்ணீர் மேல் வெகுதூரம் தெளிவாகப் போகும். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதுதான் காரணம். முத்துப்பேட்டைக்கும் இலங்கைக்கும் நடுவில் என்ன இருக்கிறது? அலையாத்திக்காடு, அதைத் தாண்டினால் பாக் நீரிணை. முழுக்க உப்புத் தண்ணீர்! பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அந்த வானொலியின் அறிவிப்பாளர்களுக்கே இங்கே ரசிகர் கூட்டம் சேர்ந்ததில் வியப்பென்ன இருக்கிறது?

கடைசியில் அரசு இறங்கிவந்து 1957 அக்டோபரில் 'விவித் பாரதி'யைத் தொடங்கியது. அடுத்த தடவை யாராவது 'இந்தக் காலத்துப் பாட்டெல்லாம் ஒரு பாட்டா' என்று ஆரம்பித்தால், கேஸ்கர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவரும் இதைத்தான் சொன்னார். உங்கள் பொற்காலத்தைப் பார்த்துச் சொன்னார்!

அந்தப் பொற்காலத்துக்கு எழுதியவர்கள் எங்கிருந்து போனார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். தஞ்சை ராமையாதாஸுக்குப் பெயரிலேயே ஊர் இருக்கிறது. 'முதலாளி' (1957) படத்துக்கு ஏரிக்கரைப் பாட்டு எழுதிய கவி கா.மு. ஷெரீப் அன்றைய தஞ்சை மாவட்டத்துக்காரர். எல்லோருக்கும் மேலே ஒருவர். முத்துப்பேட்டையிலிருந்து மேற்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் பட்டுக்கோட்டை. அதன் பக்கத்துக் கிராமம் சங்கம்படைத்தான்காடு. 1930-ல் பிறந்த கல்யாணசுந்தரம்.

அவர் சினிமாவுக்கு வருமுன் பார்த்த வேலைகளின் பட்டியலைப் படித்திருக்கிறீர்களா? மாடு மேய்த்திருக்கிறார். மாம்பழம் விற்றிருக்கிறார், இட்லி விற்றிருக்கிறார், முறுக்கு விற்றிருக்கிறார், தென்னங்கீற்று விற்றிருக்கிறார். மீனும் நண்டும் பிடித்திருக்கிறார். உப்பளத்தில் வேலை செய்திருக்கிறார். தண்ணீர் வண்டி ஓட்டியிருக்கிறார். நாடகத்தில் நடித்திருக்கிறார். மொத்தம் 17 தொழில் என்று கணக்குச் சொல்வார்கள். நம்ம கடலோரத்தில் இவற்றில் இரண்டு மூன்றைச் செய்து பார்க்காத குடும்பம் இருக்கிறதா, சொல்லுங்கள். பாரதிதாசனிடம் இருந்து பயின்று, விவசாயிகள் இயக்கத்தில் உழைத்துவிட்டுப் பாட்டெழுத வந்தவர் அவர். 'நாடோடி மன்னன்', 'பாசவலை', 'இரும்புத்திரை'... ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய 'கல்யாணப் பரிசு' (1959) படத்துக்கு எல்லாப் பாடல்களும் அவருடையவை, மெட்டு ஏ.எம். ராஜா. முதலமைச்சர் நாற்காலியின் நாலு கால்களில் ஒன்று பட்டுக்கோட்டையார் பாட்டு என்று எம்.ஜி.ஆரே சொன்னதாகச் சொல்வார்கள்.

இத்தனையும் எத்தனை வருஷத்தில்? சுமார் ஐந்தே வருஷத்தில்! 1959 அக்டோபர் 8 அன்று, 29 வயதில் போய்விட்டார். அதே வருஷம் நவம்பர் 1 அன்று பாகவதரும் மறைந்தார். ஒரு மாதத்துக்குள் டெல்டா இழந்த இரண்டு பேர்.

அறுபதுகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அதற்கு வக்கீல்கள் ஏற்கெனவே நிறையப் பேர். விஸ்வநாதன்-ராமமூர்த்தி ஜோடி 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தது. அறுபதுகள் என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி உண்மையில் அரைப் பத்தாண்டுதான். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) கதையில் நாயகன் சிக்கல் சண்முகசுந்தரம், நாயகி திருவாரூர் மோகனாம்பாள். சிக்கலும் நம்ம ஊர், திருவாரூரும் நம்ம ஊர். சிவாஜிக்காக நாயனம் வாசித்தவர்கள் மட்டும் மதுரைச் சகோதரர்கள், சேதுராமன்-பொன்னுசாமி! டெல்டா நாயனத்தின் மானத்தை மதுரை காப்பாற்றியது என்று, நாயனத்துக்குப் பேர்போன திருவாவடுதுறைப் பக்கம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

பத்தாண்டுக் கோடுகளையெல்லாம் தாண்டிக் குதித்த ஒரு குரல் உண்டு, தெரியுமா? ஜாம்புவானோடை தர்காவில் கந்தூரி என்றாலும், தெருவில் நிக்காஹ் என்றாலும் குழாய் ஒலிபெருக்கியில் முதலில் எழும் குரல்: நாகூர் இ.எம். ஹனிபா. 'குலேபகாவலி' (1955) படத்தில் பாடினார். 'பாவ மன்னிப்பு' (1961) படத்தில் டி.எம்.எஸ்ஸோடு பாடினார். பிறகு இளையராஜா அழைக்க 'செம்பருத்தி'யில் (1992) கடல் பாட்டு ஒன்றைப் பாடினார். 'ராமன் அப்துல்லா'விலும் (1997) அவர் குரல் உண்டு. ஐம்பதுகளின் குரலா, தொண்ணூறுகளின் குரலா? எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

ஸ்ரீரங்கத்து வாலி இன்னும் மோசம்! எம்.ஜி.ஆருக்கு எழுதியவரேதான் 'காதலன்' (1994) படத்தில் பிரபுதேவாவின் ஆட்டத்துக்கும் எழுதினார்.

எழுபதுகளின் கடைசியில் ரஜினி நடித்த 'ப்ரியா' (1978) வந்தது. தமிழில் முதல் ஸ்டீரியோ ஒலிப்பதிவு. படம் பெரும்பாலும் எடுக்கப்பட்டது சிங்கப்பூரில். கடல் கடந்து பிழைக்கப் போன சபுராளிகள் ஊர் திரும்பும்போது தோளில் தொங்கவிட்டு வந்த டேப் ரெக்கார்டர்களும் அங்கிருந்துதான் வந்தன. பின்னாலேயே ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. கோடு போட்ட நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, 60 நிமிஷ கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். பி பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகும். அந்தப் பாட்டை இன்றைக்குக் கேட்டாலும் அந்த இடத்தில் நின்றுவிடுமோ என்று காது எதிர்பார்க்கிற தலைமுறை ஒன்று ஊரில் உண்டு.

இளையராஜா உச்சத்தில் ஏறிக்கொண்டிருந்த 1980-ல் அவர் இசை இல்லாமல் ஊரைக் கலக்கிய படம் 'ஒரு தலை ராகம்'. அதன் பாட்டுகளுக்கு மெட்டமைத்த டி. ராஜேந்தர் மாயவரத்துக்காரர். படத்தில் பெண் குரலில் ஒரு பாட்டும் கிடையாது, காதல்தான் ஒருதலையாயிற்றே!

உலக அளவில் ஓட்டெடுப்பே நடந்திருக்கிறது. 2002-ல் பி.பி.சி. உலக சேவை, உலகின் தலைசிறந்த பத்துப் பாடல்களுக்கு நேயர்களிடம் ஓட்டுக் கேட்டது. நாலாவது இடம் எதற்கு? 'தளபதி' (1991) படத்தில் ரஜினி ஆடும் இளையராஜா பாட்டுக்கு! முதலிடம் அயர்லாந்துப் பாட்டு ஒன்றுக்கு. இரண்டாமிடம் வந்தே மாதரத்துக்கு. இப்போது டீக்கடைக்கு ஒரு தலைவலி: 1991-ல் வந்த ராஜா பாட்டு எண்பதுகள் கட்சியா, தொண்ணூறுகள் கட்சியா?

அடுத்த வருஷமே 'ரோஜா'. தேசிய விருதுக் குழுவில் 'தேவர் மகன்' இளையராஜாவுக்கும் 'ரோஜா' ரஹ்மானுக்கும் ஓட்டு சமமாக விழுந்தது. தலைவராக இருந்த பாலு மகேந்திரா தன் ஓட்டை அறிமுகப் பையனுக்குப் போட்டார். பாலு மகேந்திரா யார்? தன் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இளையராஜாவையே நாடியவர்! அவரே மனம் மாறினார் என்றால் டீக்கடைப் பெரியவரும் மாறலாம்.

ஹெட்செட் பையனையும் விட்டுவிடக் கூடாது. 'மாரி 2' படத்தின் யுவன் பாட்டு 2020 நவம்பரில் யூடியூபில் 100 கோடிப் பார்வையைத் தாண்டியது. 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி ஓடியதோடு அதை எப்படி ஒப்பிடுவது? எனக்கு வழி தெரியவில்லை. ஒன்றுக்கு டிக்கெட் வாங்க வேண்டும், மற்றதற்கு விரல் பட்டால் போதும்.

சரி, என் ஓட்டு? 1950கள். ஊர்ப்பாசம் என்று திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அரசு வானொலி கதவைச் சாத்தியும் கடல் சுற்றி வந்து வீட்டுக்குள் நுழைந்த பாட்டுகள் அவை. நண்டு பிடித்த கை ஒன்று எழுதியவையும் அவற்றில் உண்டு. எண்பதுகள் கட்சியினர் மறுப்பை எடுத்துக்கொண்டு தாராளமாக வரலாம். ஒரே நிபந்தனை: 'கல்யாணப் பரிசு' பாட்டுகள் முழுவதையும் ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள். பாதியில் நிறுத்தியவர்களோடு நான் வாதாடுவதில்லை.