பகடையும் கதையும்: பெற்றோரின் கவனத்திற்கு



தோழன் வீட்டில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடியதாகப் பிள்ளை சொன்னால் திடுக்கிடாதீர்கள். விசாரியாமல் அனுமதிக்கவும் வேண்டாம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இரு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974-இல் வெளியான விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவோ வழிப்போக்கனாகவோ தங்களைப் பாவித்து, தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். அது கைகூடுமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும்.

இதில் மந்திரவாதிகளும் பிசாசுகளும் வருவது உண்மையே. 1980-களில் அமெரிக்கக் கிறிஸ்தவர்களில் பலர் இதை எதிர்த்ததற்கு அதுவே முக்கியக் காரணம். ஆயினும், கதையில் எது வரலாம், எது வரலாகாது என்று முடிவுசெய்கிறவர் கதையை நடத்துகிறவரே. அந்த இடத்தில் நீங்களே அமருங்கள். மந்திரத்தை நீக்கி, வெள்ளத்தில் சிக்கிய கிராமத்தை மீட்கும் கதையைத் தொடங்குங்கள். காகிதமும் சாதாரணப் பகடையுமே போதும்.

"படகில் ஓர் இடமே உண்டு, யாரை ஏற்றுவாய்?" என்று கேளுங்கள். பதிலில் பிள்ளையின் இருதயம் வெளிப்படும். வேலைக்கும் பயணத்திற்கும் நாளெல்லாம் செலவாகும் நகர வாழ்வில், அதை அறிய வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வெறுமனே தடுத்தால் விளையாட்டு மறைவில் தொடரக்கூடும். உடன் அமர்ந்தால் பிள்ளை உங்களோடு பேசும்.